நண்டுக்கால் விசாரணை

நான் யாரையும் இலேசில் நம்புகிறவன் அல்ல. பல்லாரோ சந்தையில் வாங்கிய தக்காளியை வீட்டுக்கு வந்து இன்னொரு தடவை நிறுத்துப் பார்ப்பேன். பூசை முடிந்து வெளியே வந்தால் முதலில் என் குடை என்னுடையதுதானா என்று பார்ப்பேன். இப்படிப்பட்ட ஒருவனைக் கிரிக்கெட் அணிக்குச் செயலாளராக்கியது இத்தாலியின் பலேர்மோத் தமிழர்கள் செய்த பிழை. (மனைவி மெற்றில்டா இதை எழுதச் சொல்லி வருடக்கணக்காக வற்புறுத்துகிறாள். ஏன் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.)

எங்களிடம் அணிகள் மூன்று இருந்தன. உண்மையில் வேகமாகப் பந்து போடத் தெரிந்தவன் ஒருவன்தான்: எங்கள் அணியின் ஜெறோம். பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தான். அவன்மேல் மற்ற இரண்டு அணிகளும் கண் வைத்திருந்தன. ஆளுக்காள் ஏலம் கூறினால் எல்லோரும் அழிந்துபோவோம் என்று பயந்து, மூன்று செயலாளர்களும் கோயில் மண்டபத்தில் கூடி ஓர் ஒப்பந்தம் எழுதினோம். விளையாடும் பிள்ளைக்குக் குடிக்க ஒரு பிளேன்ரீ, கடிக்க ஒரு றோல்ஸ். அதற்குமேல் எந்த அணியும் எதுவும் கொடுக்கக்கூடாது. எல்லோரும் அமெச்சூர், காசுக்கு ஆடாதவர்கள். அந்தச் சொல்லைப் போட்டது நான்தான். அதைச் சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரும்.

ஒரு நாள் ஜெறோம் சப்பாத்தின் அடி கழன்று, ஒட்டும் ரேப் சுற்றிக்கொண்டு வந்தான். அணிக் காசில் ஒரு சோடி வாங்கித் தர முடியுமா என்று கேட்டான். அமெச்சூர் என்றேன். மைதானம் இருந்த பிரான்காச்சோவுக்கு வரும் பஸ் காசையாவது கேட்டான். அதற்கும் அதே பதில்தான். பிள்ளை சரி அண்ணை என்று தலையாட்டிவிட்டுப் போனான். இவ்வளவு அமைதியாகப் போகிறானே, வேறு எங்கோ வழி பார்த்துவிட்டான் என்று அன்றே எனக்குத் தட்டியது.

அடுத்த சனிக்கிழமை லிபெர்த்தா வீதியில் என் எசமானி சிஞ்ஞோறாவின் வீட்டு வேலை முடிந்து நேரே மைதானத்துக்குப் போனேன். பயிற்சியில் ஜெறோம் போட்ட பந்து, விக்கெட்டுக்குப் பின்னால் நின்ற என் கையில் விழுந்தது. பந்தில் நண்டுக்கறி வாசம்!

அதிலும் முருங்கையிலை போட்ட நண்டுக்கறி. பலேர்மோவில் முருங்கை இரண்டே வீட்டில்தான் நின்றது. ஒன்று எங்கள் பல்கனிச் சாடியில். மற்றது அதில் கிளை முறித்துக்கொண்டுபோன அருளப்புவின் வீட்டில். அருளப்பு எதிரணிச் செயலாளர். வேலை செய்வதோ மீன் கடையில். ஒப்பந்தத்தை மீறி நண்டு கொடுத்து ஜெறோமை இழுக்கிறார் என்பதற்கு இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? தொடர்ந்து நாலு சனிக்கிழமை பந்தை மோந்து பார்த்துத் திகதியோடு கொப்பியில் எழுதி வைத்தேன்.

அந்த நாட்களில் வீட்டிலும் ஒரு களவு நடந்தது. வெள்ளிக்கிழமை கொழுத்த நண்டாகப் பார்த்து வாங்கிவருவேன். சனிக்கிழமை இரவு என் தட்டில் உடம்பு மட்டும் இருக்கும், பெரிய கால்களைக் காணக் கிடைக்காது. பையை மாற்றுகிறார்கள் என்று ஒரு கடைக்காரனோடு சண்டை பிடித்தேன். அடுத்த கடையிலும் அதே கதை. எல்லாக் கடைக்காரரும் கூடிக் கதைத்து வைத்திருக்கிறார்கள் என்று மெற்றில்டாவிடம் சொன்னேன். "அப்பிடியும் இருக்கும்," என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டாள்.

எங்களுக்கும் அருளப்புவின் அணிக்கும் இறுதி ஆட்டம், ஈஸ்டருக்கு மறுநாளான பாஸ்குத் திங்களில். அதற்கு முந்திய குருத்து ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிந்தவுடன், மண்டபத்தில் விசாரணை வைத்தேன். குருத்தோலையும் கையுமாகச் சனம் முழுவதும் நின்றது. மெற்றில்டா ஒரு மூலையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் கொப்பியை விரித்து, நண்டு, முருங்கை, மீன் கடை என்று ஒவ்வொன்றாகக் கோர்த்து அருளப்புவைக் கூண்டில் ஏற்றினேன். அவர் வாயைத் திறந்தபடி நின்றார். (களவு பிடிபட்ட முகம் என்று அதையும் குறித்துக்கொண்டேன்.)

பிறகு ஜெறோமிடம் திரும்பி, நண்டு தந்தது யார் என்று கேட்டேன். விடுங்கோ அண்ணை என்றான். மறுபடியும் கேட்டேன். சபையில் வேண்டாம் என்றான்.

"சபையிலைதான் சொல்லோணும்," என்றேன்.

"உங்கடை வீட்டிலைதான் அண்ணை. மெற்றில்டா அக்காதான் தந்தவ."

குருத்தோலைகள் எல்லாம் மெற்றில்டா நின்ற மூலைக்குத் திரும்பின. அவள் தேத்தண்ணிக் கேத்திலை மெல்லக் கீழே வைத்தாள்.

"நான் உங்கடை ஒப்பந்தத்திலை கையெழுத்து வைக்கேல்லை. வகுப்பு முடிஞ்சு பசியோடை வாற பிள்ளைக்குச் சோறு குடுக்க, மூண்டு செயலாளரிட்டையும் கேட்கோணுமோ?"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஒப்பந்தம் என்னாவது என்று நான் முனகினேன். அதற்கும் ஜெறோமிடம் பதில் இருந்தது. அவன் பட்டப்படிப்புக்கு ஆய்வு எழுதுவதே அதைப் பற்றித்தானாம். அமெரிக்காவில் கல்லூரிகள் எல்லாம் கூடி, விளையாடும் மாணவர்களுக்கு இவ்வளவுக்குமேல் கொடுப்பதில்லை என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்தனவாம். மைதானம் நிறையச் சனம், தொலைக்காட்சிக் காசு, பயிற்றுநருக்குப் பெருஞ்சம்பளம். ஓடுகிற பிள்ளைக்கு மட்டும் அமெச்சூர் என்ற பெயர். அது, கூடி விலை பேசுவதைத் தடுக்கும் வியாபாரப் போட்டிச் சட்டத்துக்கே விரோதம் என்று நீதிமன்றம் குட்டியதாம்.

"பல்லாரோவிலை நண்டு விக்கிறவை கூடிக் கதைச்சால் கள்ளர் எண்டு சொல்லுறியள்," என்றான். "வாங்கிறவை கூடிக் கதைச்சாலும் அதே களவுதான் அண்ணை. எனக்கு வேற அணியிலை சப்பாத்து வாங்கித் தர ஆள் இருந்தது. நீங்கள் மூண்டு பேரும் கதைச்சு அதை நிப்பாட்டிப் போட்டியள்."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ரேப் சுற்றிய அந்தச் சப்பாத்துத்தான் கண்ணில் பட்டது. வெட்கமாக இருந்தது. அவன் இத்தனை நாளும் எங்கள் அணியில் நின்றதே அக்காவின் கறிக்காகத்தான் என்பதையும் அன்றுதான் சொன்னான். நான் கொப்பி எழுதிக்கொண்டிருந்தபோது, அணியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவள் மெற்றில்டா.

அருளப்பு அந்த இடத்திலேயே ஒப்பந்தத்தைக் கிழித்தார். மறுநாளே ஜெறோமுக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்துத் தன் அணிக்கு எடுத்துக்கொண்டார். பாஸ்குத் திங்களன்று அந்தப் புதுச் சப்பாத்தோடு ஓடி வந்து, முதல் பந்திலேயே என் நடு விக்கெட்டைப் பிடுங்கினான். எல்லைக் கோட்டில் கை தட்டியவர்களில் என் மனைவியும் ஒருத்தி.

இப்போது ஜெறோம் அவொகாத்தோ, பெயர் பெற்ற சட்டத்தரணி. போன வருடம் இங்கே வசிக்கத் தரும் அனுமதியான என் பெர்மெஸ்ஸோ சிக்கலில் மாட்டி, திரும்பிப் போகவேண்டி வருமோ என்று நான் தூங்காமல் கிடந்தபோது, பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவுக்கு நாலு தரம் அலைந்து அதை எடுத்துத் தந்தவன் அவன்தான். எவ்வளவு தரவேண்டும் என்று கேட்டேன்.

"நான் அமெச்சூர் அண்ணை," என்றான்.

அதனால் சனிக்கிழமைகளில் இப்போதும் அவன் சாப்பிட வருவான். மெற்றில்டா பெரிய கால்களை அவன் தட்டில் வைப்பாள். எனக்கு ஒரு பிளேன்ரீயும் ஒரு றோல்ஸும் வைத்துவிட்டு, அதற்குமேல் தர ஒப்பந்தத்தில் இடமில்லை என்பாள்.