நிறுத்தி வைத்த சண்டை

இனிமேல் மனைவியிடம் எந்தச் சண்டையிலும் தோற்பதில்லை என்று நம்மவர் ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே முடிவெடுத்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் அதை உரக்க அறிவிக்க முடியவில்லை. அறிவித்திருந்தாலும் கேட்க ஆள் இல்லை. மனைவி அலமாரிக்குள் இருந்தாள்.

அலமாரிக்குள் என்றால் நிஜமாகவே அலமாரிக்குள். கதைப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுப்பது அந்த அம்மாளின் தொழில். வெளிச்சத்தம் கலந்தால் பதிவு பாழ். துணிமணி சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், படுக்கையறையில் சுவரோடு சேர்ந்திருந்த பெரிய அலமாரிக்குள் ஒரு ஸ்டூலைப் போட்டு, ஹாங்கரில் மைக்கைக் கட்டி, கணவருடைய சட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துதான் எத்தனையோ இளவரசிகளைக் காதலிக்கவும் அழவும் வைத்திருந்தாள்.

வீட்டில் கூடுதலாக ஓர் அறை இல்லாமல் இல்லை. இருந்தது. அதில் நம்மவர் இருந்தார். மூன்று கம்ப்யூட்டர் திரைகள், சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி, ஜன்னலோரம் காற்று. வீட்டிலிருந்தபடியே வேலை பார்ப்பவருக்கு அது கூட இல்லாவிட்டால் எப்படி என்பது அவர் கட்சி. இப்போது மனைவிக்கு ஒரு பெரிய நாவல் வந்திருந்தது. அதை அலமாரிக்குள் குறுகி உட்கார்ந்து வாசித்தால் முடிக்கும்போது முதுகு கேள்விக்குறியாகிவிடும் என்பது அவள் கட்சி. அறை ஒன்று, ஆள் இரண்டு. சண்டை அதற்காகத்தான்.

ஒரு முறை நம்மவர் நிமிர்ந்து நின்று, சுத்தமான தமிழில், "எனக்கென்று ஓர் அறை வேண்டும்" என்று சொல்லிப் பார்த்தார். "எந்தக் கன்னத்துல?" என்று அவள் கேட்டுவிட்டாள். அன்றோடு சுத்தத் தமிழை விட்டுவிட்டார்.

காலையில் வந்த அந்த வீராவேசத்துக்குக் காரணம் ஆபீஸ் வேலை. துணி துவைக்கும் மெஷின் விற்கும் கம்பெனி ஒன்றுக்கு, வாடிக்கையாளர்களின் புகாருக்குப் பதில் எழுதும் ஏ.ஐ. ஏற்பாட்டை அவர் செய்துகொண்டிருந்தார். முதல் படி புகாரைப் படிக்கும். அடுத்த படி அது என்ன வகை என்று முடிவு செய்யும். அதற்கடுத்தது பதிலை எழுதும். கடைசிப் படி அனுப்பும். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் மாதிரி ஓடுவதால் இதற்குப் பைப்லைன் என்று பெயர். இதைக் கேட்ட கீழ்வீட்டுப் பல் டாக்டரம்மா, தன் கிளினிக் வாஷ்பேசினில் அடைப்பு எடுத்துத் தர முடியுமா என்று விசாரித்தது தனிக் கதை.

பைப்லைன் ஓடியது. ஆனால் கோணலாக ஓடியது. "மெஷின் உயிரை விட்டுடுச்சு, உடனே ஆள் அனுப்புங்க" என்று ஒருவர் எழுதியதற்கு, "தங்கள் பேரிழப்பில் நாங்களும் பங்குகொள்கிறோம், அன்னாரின் ஆன்மா சாந்தியடையட்டும்" என்று பதில் போயிற்று. நம்மவர் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தார். மறுபடி ஓட்டினார். ஒவ்வொரு தடவையும் இரங்கல் இன்னும் உருக்கமாக வந்ததே தவிர, ஆள் அனுப்புவதாகக் காணோம்.

கடைசியில், முந்தின நாள் ராத்திரி, நடுவிலேயே நிறுத்திப் பார்த்தார். இரண்டாம் படி முடிந்ததும், அப்படியே, அசையாமல். நின்ற இடத்தில் உள்ளே எட்டிப் பார்த்தால், புகாரின் வகை என்ற கட்டத்தில் 'மரணம்' என்று இருந்தது. அதை அழித்து 'பழுது' என்று போட்டு, தொடரவிட்டார். விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டு, நல்ல பிள்ளையாக, நாளைக்கே மெக்கானிக் வருவார் என்று எழுதியது. நம்மவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. இதை ஏன் வீட்டில் செய்யக்கூடாது என்று தோன்றியது. விதி அங்கேதான் விளையாடியது.

காலையில் அவள் அலமாரியிலிருந்து வெளியே வந்ததும் அவர் ஆரம்பித்தார்.

"இங்க பாரு. சண்டைங்கறதும் ஒரு பைப்லைன்தான்."

"குழாயா? சமையலறைல ஒண்ணு சொட்டிட்டே இருக்கு. முதல்ல அதைப் பாருங்க."

"அது இல்ல. நம்ம சண்டை நடுவுல சூடாயிடுதுல்ல, அப்ப யாராவது ஒருத்தர் 'நிறுத்து'ன்னு சொல்லணும். சொன்னா அடுத்தவங்க அப்படியே நிறுத்திடணும்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு நாள் தொடரலாம். ஆனா விட்ட இடத்துலேருந்துதான். உன்னை மாதிரி கல்யாணத்தன்னிக்கு எங்க பெரியப்பா என்ன சொன்னார்ங்கறதுலேருந்து ஆரம்பிக்கக் கூடாது."

"விட்ட இடம்னா, அதே இடமா?"

"அதே எழுத்து!"

அவள் கொஞ்சம் யோசித்தாள். உதட்டோரம் லேசாக ஏதோ அசைந்தது. அதை நம்மவர் கவனித்திருக்க வேண்டும்.

"நிறுத்தி வச்சிருக்கற நேரத்துல என்ன செய்யறது?"

"அதுலதான் விஷயமே இருக்கு" என்று நம்மவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தொழில் பெருமை வந்துவிட்டால் அவருக்கு நிதானம் போய்விடும். "உள்ள திறந்து பாக்கலாம். ஏதாவது தப்பா இருந்தா மாத்தலாம். மாத்திட்டு ஓடவிட்டா, அது பாட்டுக்குச் சரியா முடிஞ்சுடும்."

"யாரு மாத்தறது?"

"யாருக்குத் தப்பு தெரியுதோ அவங்க."

"சரிங்க" என்றாள். ஒரே சொல். இத்தனை வருஷ இல்லறத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதே இல்லை என்பது நம்மவருக்கு உறைக்கவேயில்லை.

அன்று சாயங்காலமே முதல் ஓட்டம் நடந்தது. அவள் இடுப்பில் ஒரு கையும் காற்றில் ஒரு கையுமாக வந்து, "இந்த ரூ..." என்றாள்.

"நிறுத்து!"

நின்றுவிட்டாள். உதடு 'ரூ' என்று குவிந்தபடி இருந்தது. பிறகு கையை இறக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நம்மவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

அதற்கப்புறம் அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "பாத்திரம் அப்படியே..." நிறுத்து. "ஈரத்துண்டைக் கட்டில்மேல..." நிறுத்து. குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது, அதற்குக் காது கிடையாது. வீடு அமைதிப் பூங்காவாகிவிட்டது. ஏன் இதை யாரும் முன்னாலேயே கண்டுபிடிக்கவில்லை என்று அவருக்கு உலகத்தின் மேல் ஒரு பரிதாபமே வந்தது.

ஒரு நாள் அவர் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து, "...மை எனக்குக் குடுத்தா என்ன குறைஞ்சு போ..." என்று குரல் வந்தது. திடுக்கிட்டுத் திரும்பினார். இடுப்பில் அதே கை. காற்றில் அதே கை. அதே சுருதி. 'ரூ'வில் நின்ற சண்டை 'மை'யில் தொடங்கியிருந்தது.

"நிறுத்து!" என்று பதறினார்.

நிறுத்தினாள். "நீங்க நிறுத்துங்க. நான் நிறுத்துப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நின்ற சண்டையை அவள் தராசில் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. அவளுடைய பிழைப்பே அதுதான் என்பதும் நினைவுக்கு வரவில்லை. இளவரசி விம்மும்போது குக்கர் விசிலடித்தால், பதிவை நிறுத்திவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அதே விம்மலின் மறுபாதியிலிருந்து விம்முகிறவள் அவள்.

இந்த நேரம் பார்த்து நம்மவருக்குக் கடைவாய்ப்பல் வலி வந்தது. பல்லிடம் நிறுத்து என்று சொல்லிப் பார்த்தார். அது மசியவில்லை. கன்னம் வீங்கியது. மறுநாள் மேலதிகாரியோடு பைப்லைனைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

"கீழ டாக்டரம்மாகிட்ட நேரம் வாங்கியிருக்கேன், வாங்க" என்றாள் மனைவி. "நானும் கூட வரேன். தனியாப் போனா பயப்படுவீங்க."

நம்மவருக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பாசமானவளையா இத்தனை தடவை வாயடைத்தோம் என்று மனசு உறுத்தியது. திரும்பி வந்ததும் குழாயையாவது சரி செய்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினார்.

டாக்டரம்மா ஊசி போட்டார். பாதி முகம் இருந்த இடம் தெரியாமல் மரத்துப் போயிற்று. "வாயை நல்லாத் திறங்க சார். வலிச்சா இடது கையைத் தூக்குங்க, நான் நிறுத்திடறேன்" என்று சொல்லி மெஷினை ஓடவிட்டார்.

பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மனைவி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"டாக்டர், எங்களுக்குள்ள ஒரு சின்ன வேலை பாதியில நிக்குது. நீங்க பாட்டுக்கு உங்க வேலையைப் பாருங்க."

"தாராளமா" என்றார் டாக்டரம்மா.

"...யிடும்?" என்றாள் மனைவி.

'குறைஞ்சு போ'வின் மிச்சம். நம்மவரின் கண்கள் அகல விரிந்தன. வாய் ஏற்கெனவே விரிந்துதான் இருந்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பதன் முழு அர்த்தம் அவருக்கு அந்த நாற்காலியில்தான் விளங்கியது. சட்டென்று இடது கையைத் தூக்கினார்.

டாக்டரம்மா மெஷினை நிறுத்தினார். "வலிக்குதா சார்?"

நம்மவர் தலையை ஆட்டி மறுத்து, மனைவியைச் சுட்டிக் காட்டினார்.

"வலிக்கலையாம் டாக்டர். மெஷின் சத்தத்துல நான் சொல்றது சரியாக் கேக்கலையாம்" என்றாள் மனைவி. "ஏங்க, நிறுத்தி வச்சிருந்தோம்ல, அப்ப உள்ள திறந்து பாத்தேன். 'ரூம் யாருக்கு'ங்கற இடத்துல 'அவருக்கு'ன்னு தப்பா விழுந்திருக்கு. தப்பு தெரியறவங்க மாத்தலாம்னு நீங்கதானே சொன்னீங்க? 'அவளுக்கு'ன்னு மாத்திட்டேன். ஓடவிடலாமா?"

"ஆ..." என்றார் நம்மவர்.

"ஆமாங்கறார் டாக்டர்."

நம்மவர் துடித்துப் போனார். நாக்கு மரக்கட்டையாகக் கிடந்தது. இருந்த பலத்தையெல்லாம் திரட்டி, அந்த மந்திரச் சொல்லைச் சொல்லப் பார்த்தார். நிறுத்து! வெளியே வந்தது என்னவோ, "இயுத்து! எ... எயுத்து!"

"எடுத்துக்கவா?" மனைவி எழுந்து நின்றாள். "நிஜமாவா சொல்றீங்க?"

"எயுத்து! எயுத்து!"

"இவ்வளவு வற்புறுத்தறார் பாருங்க டாக்டர்."

"நல்ல மனசு சார் உங்களுக்கு" என்றார் டாக்டரம்மா. "வாயைக் கொஞ்சம் பெரிசாத் திறங்க."

மனைவி முன்னாலேயே போய்விட்டிருந்தாள். பஞ்சைக் கடித்துக்கொண்டு அவர் மாடியேறி வந்தபோது, சக்கர நாற்காலி தானே உருண்டு போனது போல் படுக்கையறையில் நின்றது. சாத்தியிருந்த அறைக் கதவின் சாவித் துவாரத்தில் பார்த்தால், ஜன்னலோரத்தில் மைக் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஓர் இளவரசி கலகலவென்று சிரித்துக்கொண்டிருந்தாள். அலமாரிக்குள் இருந்து அவள் அப்படிச் சிரித்து அவர் கேட்டதில்லை. கோபப்பட நினைத்தவருக்கு, அந்தச் சிரிப்பைக் கேட்டதும் பாதிக் கோபம்தான் வந்தது. மீதிப் பாதி முகத்தோடு சேர்ந்து மரத்திருந்தது.

மறுநாள் காலையில் நாக்கு அவரிடமே திரும்பி வந்தது. நேராகப் போய்க் கதவைத் தட்டினார்.

"தொடரலாமா?"

"எதைங்க?"

"நம்ம சண்டையை. விட்ட இடத்துலேருந்து."

"தொடரலாமே. விட்ட இடம் எது?"

"அதான், 'எடுத்துக்கோ'ன்னு நான் சொன்னேன்ல, அந்த..."

"நிறுத்துங்க" என்றாள். "சொன்னேன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்களே. அப்ப இது நின்னுபோன சண்டை இல்ல. ஓடி முடிஞ்ச சண்டை."

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

சற்று நேரத்தில் மேலதிகாரி அழைத்தார். 'உயிரை விட்டுடுச்சு' போன்ற பேச்சுகளை மரணம் என்று எடுத்துக்கொள்ளாதபடி இரண்டாம் படியைத் திருத்திவிட்டதை நம்மவர் விளக்கினார். மேலதிகாரிக்குப் பரம திருப்தி.

"பிரமாதம். அதை விடுங்க, உங்க குரல் இன்னிக்கு எவ்வளவு தெளிவா இருக்கு! பின்னால ஒரு சொட்டு சத்தம் இல்ல. புது ஆபீஸ் ரூமா?"

நம்மவர் முகத்தில் விழுந்த சட்டைக் கையை ஒதுக்கிவிட்டு, ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆமா சார். எனக்குன்னு தனியா ஒண்ணு ஒதுக்கிக்கிட்டேன். வேலை நேரத்துல வீட்ல யாரும் உள்ளயே வர மாட்டாங்க."

அலமாரிக் கதவு திறந்தது. வளையல் போட்ட ஒரு கை மட்டும் உள்ளே வந்து, அவர் தலைக்கு மேல் துழாவியது.

"துண்டு மட்டும் எடுத்துக்கறேங்க. நீங்க விட்ட இடத்துலேருந்து தொடருங்க."