ரெண்டு நிமிஷக் கடத்தல்

"ஆரம்பம் மட்டுமா? மிச்சத்த யாரு எடுப்பா?" என்று வில்பிரட் மறுபடியும் கேட்டார்.

போனின் அந்தப் பக்கம், ராமநாதபுரத்துக் காலேஜ் விடுதியில், மகள் ஜெப்சி பல்லைக் கடிப்பது இங்கே கடற்கரையில் கேட்டது.

"மிச்சத்த யாரும் எடுக்க மாட்டாக அய்யா. ஒரு திரில்லர் படம் எப்படி ஆரம்பிக்கும்னு ரெண்டு நிமிஷம் எடுத்துக் காட்டணும். அம்புட்டுதான் பாடம்."

வில்பிரட்டுக்கு விளங்கவில்லை. வலையைப் போட்டுவிட்டு இழுக்காமல் கரைக்கு வருகிறவனுக்கு எவனாவது கூலி கொடுப்பானா? காலேஜில் கொடுக்கிறார்கள். மார்க்காகக் கொடுக்கிறார்கள். அந்தப் படிப்புக்கு விஸ்காம் என்று பெயர். அதற்குச் சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியார், அந்த வாத்தியாருக்கு ஒரு ஏசி ரூம்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த ரெண்டு நிமிஷத்தைப் பிள்ளைகள் ஏற்கெனவே ஒருமுறை எடுத்துவிட்டார்கள். போன வாரம் வில்பிரட் கடலுக்குப் போயிருந்த நேரத்தில் ஜெப்சியும் அவள் கூட்டாளிகளும் ஊருக்கு வந்தார்கள். ஊர் அந்தோணிமுனை. உச்சிப்புளியில் இறங்கி உப்புக்காற்றைப் பிடித்துக்கொண்டே போனால் வந்துவிடும். விடியக்காலையில் ஒரு கும்பல் மூட்டைகளைப் படகில் ஏற்றிக் கடத்துவதுபோலக் காட்சி. நாலு பையன்கள் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, வைக்கோல் அடைத்த சாக்குகளைத் தூக்கிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து ஓடினார்கள்.

இந்தக் கரையில் சாக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் போகிறவனிடம் யாரும் சினிமாவா என்று கேட்க மாட்டார்கள். பக்கத்து ஊர்க்காரன் நம் கரையில் இருந்து இலங்கைக்குப் பீடி இலை கடத்துகிறான் என்று பாதி ஊர் முடிவு செய்தது. நம்மைச் சிக்கவைக்க உளவுப் போலீஸ் வேசம் கட்டி வந்திருக்கிறது என்று மீதி ஊர் முடிவு செய்தது. அடிக்க வேண்டும் என்பதில் மட்டும் ரெண்டு பாதியும் ஒன்றாக நின்றன. ஊர்க் கமிட்டித் தலைவர் எட்வர்ட் துடுப்போடு முன்னால் ஓடினார். ஸ்டாண்டில் நின்ற போன் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டே இருந்தது.

வாத்தியார் அதைப் பார்த்தார். கடத்துகிறவர்கள் டியூசனுக்குப் போகிற பிள்ளைகள் மாதிரி இருக்கிறார்கள் என்றாராம். மூட்டையில் கனம் இல்லையாம், நடையில் பயம் இல்லையாம். துரத்தி வந்த துடுப்புக்காரர் நடிப்பு மட்டும் பிரமாதமாம். மறுபடி எடுத்து வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் கொடுக்காவிட்டால் பெயில்.

பெயிலானால் சென்னையில் டிவிக்காரன் தருவதாகச் சொன்ன வேலை போய்விடும். அந்த வேலையை வில்பிரட் மீன் ஏலக்கூடம் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

"இந்தத் தடவ நடிக்க நல்ல முரட்டு ஆளுகளா கூட்டியாரோம். நீங்க போலீஸ்லயும் ஊர்லயும் சொல்லி மட்டும் வைங்க. நம்ம படகு கெடைக்குமா அய்யா?"

"என் படகு மீன் பிடிக்கும். நடிக்காது."

அந்தப் பைபர் படகு வாங்கத்தான் வீட்டுக்காரி ஜோதிமேரியின் நகையும், ஊரில் ரெண்டு பனைமரம் நின்ற துண்டு நிலமும் போயின. ஜெப்சி வற்புறுத்தவில்லை. கூடப் படிக்கும் மாஷிதாவின் மாமு படகு கொண்டு வருவார் என்று சொல்லிவிட்டாள்.

வலை களவு போனபோதுகூடப் போலீஸ் ஸ்டேசன் படி மிதிக்காதவர் வில்பிரட். போனால் வலைக்கு மேல் இன்னொன்றும் போகும் என்பது அவர் கணக்கு. மகளுக்காகக் கடலோரப் போலீஸ் ஸ்டேசனுக்குப் போனார். எஸ்.ஐ. வேல்சாமி முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"சர்வீஸ்ல இத்தன வருசத்துல, கடத்தப் போறேன்னு முன்கூட்டியே வந்து பர்மிசன் கேட்ட மொத ஆளு நீதான்யா."

"கடத்தல் இல்ல சார். கடத்தல் மாதிரி."

"எல்லாப் பயலும் அதத்தான் சொல்லுவான். உனக்குப் படகு இருக்கா?"

"இருக்கு சார். ஆனா அது இதுல வரல."

"இனிமே வரும். நாளைக்கு அந்தக் கரையில இருந்து ஒரு பீடி இலை கடலுக்குப் போனாலும் உன் படகு இங்கன வாசல்ல நிக்கும். சம்மதமா?"

வில்பிரட் அந்த வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஏலக்கூடத்து முகங்கள் கண்ணுக்குள் வந்தன. சம்மதம் என்றார். நடிக்க அனுப்ப மாட்டேன் என்று பொத்திவைத்த படகு ஜாமீனுக்கு நின்றது.

அதற்கப்புறம்தான் வேல்சாமியின் முகம் கொஞ்சம் இளகியது. படத்தில் போலீஸ் வருமா என்று கேட்டார்.

"ஆரம்பம் மட்டுந்தான் சார். எல்லாம் முடிஞ்ச பெறகுதான் போலீஸ் வரும்."

இதில் நக்கல் இருக்கிறதா என்று எஸ்.ஐ. அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். இல்லை.

அடுத்தது ஊர். எட்வர்டிடம் போய், நாளைக்கு யாரும் துடுப்பை எடுக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். எட்வர்டுக்கு வாத்தியார் பாராட்டிய சேதி ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்ததால் பேச்சில் ஒரு நடிகர் நிதானம் இருந்தது. ஆள் ஆளாகச் சொன்னால் ஆள் ஆளாகத் திரித்துவிடுவான், கோயில் மைக்கில் சொல்லிவிடுவோம் என்றார். அந்தோணிமுனையில் செத்தவன் பேரும், காணாமல் போன ஆடும், ரேசன் வந்த சேதியும் கோயில் மைக்கில்தான் வரும். மைக்கில் வராத எதையும் அந்த ஊர் நம்பாது.

சாயங்காலம் எட்வர்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"அன்பான இறைமக்களுக்கு அறிவிப்பு. நாளை விடியக்காலை நமது தெற்குக் கரையில் கடத்தல் நடைபெறும். காவல்துறை அனுமதி பெறப்பட்டுள்ளது. யாரும் பயப்படவோ அடிக்கவோ வேண்டாம். ஒத்துழைப்புத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

நாலு பக்கமும் கட்டிய குழாயில் அது கரை நெடுகக் காற்றோடு போனது. படகுக்காரர்கள் வாட்ஸப் குரூப்பில் எவனோ பதிவு செய்து போட, பாம்பன் வரைக்கும் சிரித்தார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குள் வேறு தலைவலி வந்தது. அடி விழாது என்றதும் ஊர் மொத்தமும் வேடிக்கை பார்க்க வரத் தயாரானது. எட்வர்டின் தங்கை மகன் கல்யாணச் சட்டையைத் தேய்க்கக் கொடுத்துவிட்டான்.

ஜெப்சி போனில் அழாக்குறையாகப் பேசினாள். கடத்தலை ஊரே நின்று கைதட்டிப் பார்த்தால் அது எப்படித் திரில்லர் ஆகும்? கூட்டத்தை விரட்ட வேண்டும். தூரத்தில் கடலில் ஒன்றும் தெரியக் கூடாது, முக்கியமாகப் போலீஸ் ரோந்துப் படகு தெரியக் கூடாது.

வில்பிரட் திரும்ப எஸ்.ஐ.யிடம் போனார். இப்போது வேல்சாமியே வேறு ஆளாக இருந்தார். மைக் சேதி அவர் மேலதிகாரி காதுவரை போய், மாணவர்களுக்கு உதவுகிறீர்கள், நல்லது என்று ஒரு வார்த்தை வந்திருந்தது.

"அதெல்லாம் கவலப்படாதீங்கண்ணே. நானே பந்தோபஸ்துக்கு வாரேன். ரோந்துப் படக வடக்க அனுப்பிருறேன்" என்றார். யோவ் போய் அண்ணே வந்திருந்தது. போலீஸ்காரன் அண்ணே என்றால் மடியைத் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். வில்பிரட் தடவிப் பார்க்கவில்லை. மகள் பாஸாகப் போகிற சந்தோசம்.

விடியக்காலை. கடல் தட்டுபோலக் கிடந்தது. எஸ்.ஐ. ஜீப்பைப் பாதையில் குறுக்கே நிறுத்திவிட்டு, கூட்டத்தை உடைமரங்களுக்குப் பின்னால் உட்காரவைத்தார். ஜோதிமேரி பிள்ளைகளுக்காக இட்லிக் கொப்பரையும் மீன்குழம்பும் கொண்டுவந்து இறக்கினாள்.

தெற்கே இருந்து ஒரு பைபர் படகு விளக்கில்லாமல் வந்து கரை தட்டியது. கொஞ்ச நேரத்தில் ஒரு வேனும் வந்தது. ஜீப்பைப் பார்த்ததும் வேன் நின்று, பின்னால் நகர ஆரம்பித்தது. வேல்சாமியே போய்ச் சன்னலைத் தட்டி, பயப்படாதீங்க தம்பி, எல்லாம் பேசியாச்சு என்று ஜீப்பை ஒதுக்கி வழி விட்டார். திரும்பி வரும்போது வில்பிரட்டிடம் மெதுவாகச் சொன்னார்.

"டிரைவர் மூஞ்சியப் பாத்தீங்களா? வேர்த்து ஊத்துது. இதான் நடிப்பு."

வேனில் இருந்து இறங்கிய ஒருவன் மணல்மேட்டில் ஏறிப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன்தான் டைரக்டர் என்று வில்பிரட்டுக்குப் பார்த்த உடனே தெரிந்தது. எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தபோது அவன் ஒருத்தன்தான் ஒரு வேலையும் செய்யவில்லை.

"ஜெப்சி எங்க தம்பி?"

அவன் கொஞ்சம் முழித்தான். "பின்னால வாராகண்ணே. நாங்க மொத முடிக்கணும். வெளிச்சம் வந்தாக் கெட்டுரும்."

வெளிச்சத்தைப் பற்றி ஜெப்சியும் இதையேதான் சொல்லியிருந்தாள். வில்பிரட் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார்.

மூட்டைகள் இறங்கின. எட்வர்ட் உடைமரத்துக்குப் பின்னால் இருந்து விமர்சனம் சொல்லிக்கொண்டிருந்தார். போன வாரம் வந்த பச்சைப்பிள்ளைகளுக்கு இவன்கள் எவ்வளவோ மேல். ஒவ்வொருத்தன் முகத்திலும் ஜெயில் எழுதி ஒட்டியிருக்கிறது. ஆனால் வேகம் பத்தாது. மூட்டை கனத்தில் ஆட்கள் தள்ளாடினார்கள். உள்ளே என்ன என்று வில்பிரட் கேட்டதற்கு, மணல்ணே, கனம் இருந்தாத்தான் நடை சரியா வரும் என்றான் டைரக்டர். வாத்தியார் சொன்ன குறையைத் திருத்தியிருக்கிறார்கள் என்று வில்பிரட்டுக்குப் பெருமையாக இருந்தது.

வேல்சாமியால் அதற்கு மேல் சும்மா நிற்க முடியவில்லை. தொப்பியைக் கழற்றி ஜீப்பில் வைத்துவிட்டு நடுவில் போனார்.

"இப்படியாடா தூக்குவான் கடத்துறவன்? துண்டச் சும்மாடு கோலிப் பிடரியில வையி. குனிஞ்சு ஓடு. நான் பிடிச்ச கேசுல எல்லாரும் அப்படித்தான் ஓடுனானுக."

அவர்கள் குனிந்து ஓடினார்கள். அப்படியும் வேன் காலியாகவில்லை. வானம் வெளுக்கத் தொடங்கியது. டைரக்டர் போனையும் கடலையும் மாறி மாறிப் பார்த்துத் தவித்தான். மகளின் மார்க்கு வெளுத்துக்கொண்டு போவதாக வில்பிரட்டுக்குப் பட்டது. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அவரே ஒரு மூட்டைக்கு முதுகு கொடுத்தார். அதைப் பார்த்த எட்வர்டும் கமிட்டிக்காரர்களும் முண்டியடித்து வந்தார்கள். கல்யாணச் சட்டைக்காரன் துண்டு கட்ட மறுத்தான். முகம் தெரியாவிட்டால் நடித்து என்ன பிரயோசனம் என்றான். டைரக்டர் அவனைத் தடுக்கவில்லை.

கடைசி மூட்டையும் ஏறியபோது படகு விளிம்புவரை அமிழ்ந்து கிடந்தது. ஊரே தோள்கொடுத்துத் தள்ளிவிட்டது. இஞ்சின் பிடித்ததும் கூட்டம் கைதட்டியது.

டைரக்டர் வேனில் ஏறும்போது எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டான். வேல்சாமி சன்னலோரம் குனிந்தார்.

"பேரு போடுவீங்கள்ல? வே. வேல்சாமி. இனிசியல் விட்டுறாதீங்க."

"உங்க பேர நாங்க சாகுறவரைக்கும் மறக்க மாட்டோம் சார்" என்றான் அவன். கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது.

வேன் போனது. எஸ்.ஐ. திரும்பி வந்து வில்பிரட்டின் தோளில் கைபோட்டு, உங்க படகு தப்பிச்சிருச்சுண்ணே என்றார். வில்பிரட் நேற்றிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டார். தூரத்தில் கிடந்த தன் படகைப் பார்த்தார். அதன் மேல் ஒரு காக்காய் நிம்மதியாக உட்கார்ந்திருந்தது.

மூட்டை ஏற்றிப் போன படகு கடலில் புள்ளியாகி, பிறகு புள்ளியும் இல்லாமல் போனது. அதெல்லாம் லாங் ஷாட் என்று எட்வர்ட் விளக்கினார். நல்ல டைரக்டர் பாதியில் திரும்பச் சொல்ல மாட்டானாம். வெயில் ஏறியது. ஆறுகிற இட்லியைப் பார்த்து ஜோதிமேரி முனகினாள். படகில் போன பிள்ளைகள் வந்த பிறகு சாப்பிடலாம் என்று வில்பிரட் சொல்லிவிட்டார். எஸ்.ஐ.யும் பசியோடு உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது பாதையில் ஒரு குட்டியானை வண்டி குலுங்கிக்கொண்டு வந்து நின்றது. ஜெப்சி குதித்து இறங்கினாள். அவளுக்குப் பின்னால் நாலைந்து தடிப்பையன்கள். வெறும் சாக்குகளை மார்போடு அணைத்துக்கொண்டு மாஷிதா மூச்சு வாங்க முன்னால் ஓடி வந்தாள்.

"மன்னிச்சிருங்க அங்கிள், உச்சிப்புளியில டயர் பஞ்சராயிருச்சு, மாமு படகும் இப்பத்தான் கெளம்புதாம், இந்தச் சாக்குல கொஞ்சம் மணல மட்டும் அள்ளிப் போட்டுட்டா உடனே சூட்டிங்க ஆரம்பிச்சிரலாம்."