கண்ணாடி பீரோவின் முதல் அறை

கண்ணாடி பீரோவில் பத்து அறைகள்தான் இருந்தன. தட்சணாமூர்த்தி பதினோராவது ஆள்.

"பதினொண்ணுன்னா என்னங்க அர்த்தம்?" என்று கேட்டார். "கிரிக்கெட்டுல பதினோராவது ஆளும் டீம்லதான இருக்கான்?"

"பீரோல பத்துதாங்க இருக்குது," என்றார் பக்தவச்சலம்.

மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டியிருந்த அந்தச் சின்ன வாசகசாலைக்கு பக்தவச்சலம்தான் நூலகர், கணக்கர், காவலர் எல்லாம். கூட்டிப் பெருக்க மட்டும் மேரிசெல்வி வருவாள். உப்புக் காற்றில் அங்கிருந்த புத்தகங்கள் எல்லாம் அப்பளம் போல நமுத்துக் கிடந்தன. அதைப் பார்த்து மனம் இரங்கிய அளத்து முதலாளி அர்ச்சுனன், தேக்கில் ஒரு கண்ணாடி பீரோ செய்து கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். எந்தக் காலம், எந்த மொழி, எந்த வகை என்று பாராமல் தலைசிறந்த பத்து எழுத்தாளர்களை வரிசைப்படுத்தி, அவர்கள் புத்தகங்களை மட்டும் அதில் வைக்க வேண்டும். முதலிடத்துக்கு மேல் அறை, பத்தாமிடத்துக்குத் தரையோரம். வைத்துப் பூட்டிச் சாவியைத் தன்னிடம் கொடுத்துவிட வேண்டும்.

அர்ச்சுனனுக்குப் படிக்கிற பழக்கம் கிடையாது. அதனால் புத்தகங்களின் மேல் அளவு கடந்த மரியாதை வைத்திருந்தார்.

தட்சணாமூர்த்தி ஓர் உப்புக் கம்பெனியில் எடை போடும் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். 'உவர்மண்ணில் ஒரு விம்மல்' என்ற நாவலைச் சொந்தச் செலவில் மூன்று பாகங்களாக வெளியிட்டிருந்தார். மூன்றாம் பாகம் முடிந்தபோதும் கதாநாயகன் பொன்னம்பலத்துக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. நான்காம் பாகத்தில் ஆகலாம் என்று ஒரு பேச்சு இருந்தது.

அவர் வாசகசாலையின் செயலாளரும்கூட. அந்தப் பதவியை வைத்து ஒரே ஒரு விதி கொண்டுவந்திருந்தார். யார் எந்தப் புத்தகம் எடுத்தாலும் கூடவே விம்மலில் ஒரு பாகத்தையும் எடுத்துப்போக வேண்டும். திருப்பித் தரும்போது அவர் கேள்வி கேட்பார். பதில் தெரியாவிட்டால் அதே பாகம் மறுபடி வீட்டுக்குப் போகும். "வாசிப்பை வளர்க்கறதுக்கு வேற வழி இல்ல" என்பார். இதனால் வாசகசாலையிலேயே அதிகம் வெளியே போய்வருகிற புத்தகம் விம்மல்தான். அந்தத் தெம்பில்தான் பத்துக்குள் வந்துவிடுவோம் என்று நம்பியிருந்தார்.

நம்பியதோடு விட்டிருக்கலாம். அன்று காலை மனைவி சூர்யகலாவிடம் வாயையும் கொடுத்துவிட்டார்.

"ஏங்க, கட்டிலுக்கு அடியில இருக்கற உங்க புக்கு கட்டெல்லாம் கரையான் புடிக்குது. பழைய பேப்பர்காரன் நம்பர் வாங்கி வெச்சிருக்கேன். போட்டுடலாமா?"

"பத்து பேர்ல நான் இல்லன்னா நானே தூக்கிப் போட்டுடறேன். நாலாவது பாகமும் எழுதமாட்டேன். போதுமா?"

"சத்தியமா?"

"சத்தியமா."

சத்தியம் செய்தது காலையில். பக்தவச்சலம் போட்ட பட்டியலைப் பார்த்தது மாலையில். வாழ்நாள் முழுக்க ஊரார் மூட்டைகளை எடை போட்டவர் அவர். தான் எழுதியதை ஒருவன் தராசில் வைத்துக் கிலோ சொல்வதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"பத்தாவது இடத்துல யாரு?" என்று கேட்டார்.

"மீன் சமையல் புக்கு எழுதின அம்மாங்க. நல்லா போவுது."

"சமையல் இலக்கியமா பக்தவச்சலம்? அடிங்க அந்தப் பேரை."

பக்தவச்சலம் யாருக்கும் முடியாது என்று சொல்லிப் பழகாதவர். அடித்தார்.

மறுநாள் அனுமந்தையிலிருந்து சகாயமேரி வந்துவிட்டாள். மகளிர் குழுத் தலைவி. பின்னால் குழுவே வந்திருந்தது.

"அந்தம்மா எழுத்தாளர் இல்லன்னு யாரு சார் சொன்னது?"

"நான்தாம்மா. எழுத்துன்னா மனுஷனோட துக்கத்தைப் பேசணும்."

"உங்க புக்குல அந்தப் பொன்னம்பலம் மூணு பாகமா அழுவறான். ஒரு வேளை சோறு துன்னானா? துன்னிருந்தா ஏன் அழுவறான்?"

குழு முழுவதும் ஆமாம் என்றது. சமையல் அம்மாள் பட்டியலுக்குள் திரும்பி வந்தார். வந்தவர் பத்தில் நிற்காமல் ஐந்தில் போய் உட்கார்ந்தார்.

தட்சணாமூர்த்தி அடுத்து பேய்க்கதைக்காரர் மேல் கை வைத்தார். "பயமுறுத்தறது ஒரு கலையா? நானும் இருட்டுல நின்னு பயமுறுத்துவேன்."

அந்தப் பேச்சு உப்பளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ராக்காவல் பார்க்கும் பக்கிரி வேலை முடிந்த கையோடு கண் சிவக்க வந்து நின்றார்.

"சார், உப்பு அம்பாரத்தைக் காவல் காக்கறவன் முழிச்சிட்டு இருக்கணும். பேய்க்கதை படிச்சாதான் எனக்கு முழிப்பு. போன மாசம் நீங்க கேள்வி கேப்பீங்களேன்னு உங்க ரெண்டாவது பாகத்தை எடுத்துட்டுப் போனேன். நல்ல தூக்கம் சார். உப்பு மேல போத்தின தார்ப்பாயைக் காணோம்."

"அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

"முதலாளி என்னைத்தானே கேட்டாரு!"

பேய்க்கதைக்காரர் நான்காம் இடத்துக்கு உயர்ந்தார்.

இனி உயிரோடிருக்கும் வாசகர்களிடம் வம்பு வேண்டாம், காலத்தால் மூத்தவர்களிடம் போவோம் என்று தட்சணாமூர்த்தி முடிவு செய்தார். முதலிடத்தில் பழங்காலப் புலவர் ஒருவர் இருந்தார். "அந்தக் காலத்துல எழுதத் தெரிஞ்சவங்களே ஊருக்கு ஒருத்தர்தான். போட்டியே இல்லாம ஜெயிச்சவரை நம்மளோட சேர்க்கறது நியாயமா?"

இதைக் கேட்டவர்களில் பள்ளிக்கூடத் தமிழாசிரியை செந்தமிழும் இருந்தது அவருடைய கெட்ட நேரம். அந்த அம்மாள் சத்தம் போடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விட்டுப்போன புலவர்கள் என்று மேலும் மூன்று பேரை எழுதவைத்துவிட்டுத்தான் எழுந்தார்.

"இப்ப நான் எத்தனாவது?" என்று கேட்டார் தட்சணாமூர்த்தி.

"பதினாலுங்க," என்றார் பக்தவச்சலம். "நீங்க இன்னும் எதனா திருத்தறதா இருந்தா, கொஞ்சம் யோசிச்சிட்டு திருத்துங்க."

தட்சணாமூர்த்தி யோசித்தார். அவருக்கு ஜனநாயகம் நினைவுக்கு வந்தது.

"ஓட்டெடுப்பு வைப்போம். கார்டு வெச்சிருக்கற எல்லாருக்கும் ஒரு ஓட்டு. யாரு புக்கு பீரோக்குள்ள போகணும்னு ரகசியமா எழுதிப் போடட்டும். அதிக ஓட்டு வாங்கறவரு மேல் அறை."

அறிவிப்பைக் கேட்க வந்திருந்த சகாயமேரி கை தூக்கினாள். "ஒரு சந்தேகம். பீரோல இருக்கற புக்கை வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா?"

"முடியாதும்மா," என்றார் பக்தவச்சலம். "பூட்டி சாவி முதலாளிகிட்ட போயிடும். வேற காப்பி இருந்தாலும் வெளிய குடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. பீரோக்கு ஒரு மரியாதை வேணும்ல."

சகாயமேரி கையை இறக்கினாள். தட்சணாமூர்த்தியை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டுப் போனாள். அந்தப் பார்வை அவருக்குப் பிடிக்கவில்லை.

அன்றிலிருந்து அவர் வீதிவீதியாக ஓட்டுக் கேட்டார். கேட்டுவிட்டுச் சும்மா வராமல், திண்டிவனம் போகும் பஸ்ஸுக்கு நிற்பவர்களிடம் மூன்றாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தைப் படித்தும் காட்டினார். இது காரியத்தைக் கெடுக்கும் என்று சூர்யகலா சொன்னாள். ஆனால் விந்தையாக, போன இடமெல்லாம் அவருக்கு நல்ல வரவேற்பு. "உங்களுக்கு இல்லாமலா சார்!" என்றார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். எக்கியார்குப்பத்தில் ஒருவர் இளநீரே வெட்டிக் கொடுத்தார்.

அதைவிட விந்தை, சகாயமேரியே வீடு வீடாகப் போய் அவருக்காக ஓட்டுக் கேட்கிறாள் என்று பக்தவச்சலம் வந்து சொன்னது.

"நல்லா பார்த்தீங்களா? எனக்கு எதிரா இல்லையே?"

"உங்களுக்குத்தாங்க. பக்கிரியும் கூடப் போறாரு."

அவருக்கு வெட்கமாகிவிட்டது. அந்தப் பெண்ணை என்னென்னவோ நினைத்துவிட்டோமே என்று வருந்தினார். நான்காம் பாகத்தில் பொன்னம்பலத்துக்கு ஒரு வேளை சாப்பாடு போடுவது என்று அப்போதே தீர்மானித்தார்.

ஓட்டெடுப்பு நாளன்று கோடை மழை கொட்டியது. பாத்தியில் தண்ணீர் நின்றால் உப்பு வார முடியாது. வேலையில்லாத அளத்து ஆட்கள் எல்லாரும் கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாசகசாலைக்கு வந்துவிட்டார்கள். வராண்டா கொள்ளவில்லை. தட்சணாமூர்த்தியும் ஒரு சீட்டை எடுத்துக்கொண்டார். தனக்குத் தானே ஓட்டுப் போடுவது எழுத்தாளனுக்கு அழகா என்று சற்று நேரம் யோசித்தார். அப்புறம் பழைய பேப்பர்காரன் தராசு ஞாபகம் வந்தது. போட்டுவிட்டார்.

மாலையில் அர்ச்சுனன் முன்னிலையில் சீட்டுகளைப் பிரித்தார்கள். பக்தவச்சலம் படித்தார்.

"தட்சணாமூர்த்தி. தட்சணாமூர்த்தி. விம்மல் எழுதினவரு. செக்ரட்டரி சாரு. தட்சணாமூர்த்தி..."

படித்துப் படித்து அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. நடுவில் மேரிசெல்வி சுக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள்.

பழங்காலப் புலவர் இரண்டாமிடம். அவருக்கு விழுந்தவை பெரும்பாலும் அவர் செய்யுளை மனப்பாடம் செய்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போட்டவை. விடியற்காலை எழுந்து ஓடச் சொல்லி முன்னேற்ற நூல்கள் எழுதியவர் மூன்றாமிடம். சமையல் அம்மாளுக்கும் பேய்க்கதைக்காரருக்கும் ஒரு ஓட்டுகூட இல்லை.

"ரசனை வளர்ந்துடுச்சு பக்தவச்சலம்," என்று தட்சணாமூர்த்தி காதோடு சொன்னார். "மெதுவாத்தான் வளரும். ஆனா வளரும்."

அர்ச்சுனன் சால்வை போர்த்தினார். லேசாகத்தான் கை தட்டினார்கள். தட்சணாமூர்த்தி ஏற்புரையில் நான்காம் பாகத்தைப் பற்றிச் சொன்னபோது கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. "அதுவும் வந்தவுடனே பீரோவுக்குள்ளதான் போகும்," என்று அர்ச்சுனன் மைக்கைப் பிடித்து உறுதி கொடுத்ததும் அடங்கியது. பிறகு மூன்று பாகங்களின் எல்லாப் பிரதிகளையும் மேல் அறையில் அடுக்கினார்கள். பக்தவச்சலம் கதவைச் சாத்திச் சாவியைத் திருகினார். பூட்டு விழுந்த சத்தம் கேட்டதும்தான் கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. பக்கிரி விசில் அடித்தார். அர்ச்சுனன் சாவியை இடுப்பில் சொருகியபோது சகாயமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தட்சணாமூர்த்தியும் அழுதார். இத்தனை வருஷம் விடியலில் எழுந்து, அளத்துக்குப் போகும்முன் எழுதிய எழுத்து வீண் போகவில்லை. அவருக்கு அது போதும். முன்வரிசையில் சூர்யகலா எல்லாரும் பார்க்கும்படி போனை எடுத்துப் பேப்பர்காரன் நம்பரை அழித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவருக்குச் செய்த ஆகப்பெரிய மரியாதை அதுதான்.

கூட்டம் கலைந்தது. மழையும் விட்டிருந்தது. சால்வையைக் கழற்ற மனமில்லாமல் அவர் பீரோவின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். மேரிசெல்வி கீழே சிதறிக் கிடந்த ஓட்டுச் சீட்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கார்டு உண்டு. பக்கிரி படித்து முடித்த பேய்க்கதைகளை அடுத்து எடுப்பவள் அவள்தான்.

"நீ யாருக்கும்மா போட்ட?"

"உங்களுக்குத்தான் சார்."

"பார்த்தியா!" அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டார். "பொன்னம்பலத்தோட துக்கம் உன்னையும் தொட்டிருக்குது."

மேரிசெல்வி துடைப்பத்தை நிறுத்தினாள். எதையோ கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கினாள்.

"சார், உள்ள வெச்சுப் பூட்டிட்டா அப்புறம் வெளிய குடுக்கமாட்டாங்கன்னு சகாயமேரி அக்கா வீடு வீடா வந்து சொல்லிச்சு... நாளையிலருந்து பேய்க்கதை எடுத்தா, பேய்க்கதை மட்டும் எடுத்துட்டுப் போலாம்ல சார்?"