ஊதாச்சாமியின் கருப்புத் திரை

ஊதாச்சாமி வந்து இறங்கியதிலிருந்து ஊரில் அடுப்புகளுக்கெல்லாம் விடுமுறை. குடிதண்ணீரைக் கொதிக்க வைப்பவன் மடையன் என்று அவர் சொல்லிவிட்டார். சாமி சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? பழைய சரக்குக் கிடங்கின் முன்னால் வரிசை தெருமுனையைத் தாண்டி நின்றது. எல்லார் கையிலும் பாட்டில், கண்ணில் பக்தி. மூளையை மட்டும் வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

உள்ளே கும்மிருட்டு. மேடையில் ஓர் ஊதா விளக்கு. மூடிய பாட்டிலை அதன் முன் ஒரு தடவை காட்டினால் போதுமாம், கிருமியெல்லாம் பொசுங்கிவிடுமாம். அது மட்டுமா? விளக்கின் முன் நிற்பவர்களில் பாக்கியசாலிகளின் சட்டை தானாகவே ஒளிவிடும். ஒளிவிடாதவர்கள் பாவிகள். அவர்களுக்குக் காணிக்கை இரட்டிப்பு.

நம் தையல்காரர் முதல் நாளே ஒளிவிட்டார். சோப்புத்தூளில் ஊறவைத்து அலசிய வெள்ளைச் சட்டை நிலா மாதிரி ஜொலித்தது. "இவன்தான் என் ஒளிப்பிள்ளை!" என்று சாமி கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. மேடைக்குப் பின்னால் தொங்கவிடப் பெரிய கருப்புத் திரையைக்கூட இனாமாகவே தைத்துக் கொடுத்தார்.

வீட்டில் வெந்நீர்ப் பாத்திரம் பரணேறியது. கொஞ்ச நாளில் மகளுக்கு வயிற்றுப்போக்கு. மருந்து கொடுத்தால் நிற்கும், மறுபடி வரும். தையல் மெஷினடியில் ஓடி விளையாடிய குழந்தை, கண் உள்ளே போய், துவண்டு கிடந்தாள். பயந்துபோன மனைவி தன் தங்கைக்குச் சொல்லி அனுப்பினாள். தங்கைக்குத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பரிசோதனை வேலை.

"ஒரு கையால மருந்து, இன்னொரு கையால பச்சைத் தண்ணி. உங்களை என்ன பண்றது மாமா?" என்றாள் மச்சினி.

"பச்சைத் தண்ணி இல்லம்மா, ஒளி காட்டினது. நெருப்புப் பட்டா ஒளி தங்காதாம். ஏன், உங்க நிலையத்துலயும் விளக்கை வச்சுத்தானே கிருமியைக் கொல்றீங்க?"

"ஆமா. அது புற ஊதா ஒளி. கண்ணுக்குத் தெரியாது. கலங்கல் இல்லாத தண்ணியை அந்த விளக்கை ஒட்டியே ஓட விடுவோம். வெளிய நின்னு காட்டினா உங்க பாட்டிலைத் தாண்டி உள்ளேயே போகாது. உங்க சாமி வச்சிருக்கிறது டான்ஸ் மேடையில மாட்டுற விளக்கு."

"அப்போ என் சட்டை ஜொலிச்சதே?"

பாருங்கள், பெற்ற பிள்ளை படுத்துக் கிடக்கிறாள், மனிதருக்குச் சட்டைக் கவலை! மச்சினி நேரே அடுப்படிக்குப் போனாள். மூலையில் கிடந்த ஒரு பழந்துணியை எடுத்துச் சோப்புத்தூளில் ஊறப்போட்டாள்.

மறுநாள் மேடைமுன் அவள் அந்தத் துணியைத் தூக்கிப் பிடித்தாள். கிடங்கே வெளுக்கும்படி அது ஜொலித்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"ஆகா! யார் உடுத்திய துணி தாயே? மகா புண்ணியவதி!" என்றார் சாமி.

"எங்க வீட்டுத் தரை துடைக்கிற துணி சாமி. வெளுப்பாத் தெரியறதுக்குச் சோப்புத்தூள்ல ஒரு சரக்கு கலக்கறாங்க. இந்த விளக்கு பட்டா அது மின்னும். இதுல புண்ணியம் எங்க வந்தது?"

முதலில் சிரித்தது பாவிகள் வரிசைதான். இரட்டைக் காணிக்கை கொடுத்தவர்களுக்கு வயிற்றெரிச்சல் இருக்காதா?

தையல்காரருக்கு முகம் எரிந்தது. தரைத் துணியும் தானும் ஒரே ஜாதி ஒளிப்பிள்ளைகள்! அவமானத்துக்கு மேல் மகளின் முகம் வந்து நின்றது. கையிலிருந்த பாட்டிலை நீட்டினார்.

"சாமி, என் பொண்ணுக்குன்னு நீங்க ஒளி காட்டின தண்ணி இது. நீங்க ஒரு வாய் குடிங்க."

"நான் இன்று விரதம்."

"ஒரே ஒரு வாய்."

"எனக்கு ஒளியே தண்ணீர்."

அந்த நேரம் பார்த்துத் திரைக்குப் பின்னால் ஏதோ மூடி தடதடவென்று ஆடியது. திரை எங்கே பிரியும் என்று வேறு யாருக்கும் தெரியாது. தைத்தவருக்குத் தெரியாதா? தையல்காரர் நேரே போய் ஒரே இழுப்பாக இழுத்தார்.

அடுப்பு. அதன்மேல் தளதளவென்று கொதிக்கும் ஒரு பெரிய பாத்திரம். பக்கத்தில் ஆறவைத்து நிரப்பிய பாட்டில்கள். சாமியின் குடிதண்ணீர்.

"அது... காபி போட" என்றார் சாமி.

"காபித்தூள் எங்க சாமி?" என்றாள் மச்சினி.

பதிலாகப் பின்கதவு படாரென்று சாத்தும் சத்தம்தான் வந்தது.

கூட்டம் மேடையேறிப் பாத்திரத்தைச் சூழ்ந்துகொண்டது. பிறகு ஒரு பெரியவர் பயபக்தியோடு கேட்டார்: "சாமி தொட்ட பாத்திரமாச்சே, ஒரு தடவை தொட்டுக் கும்பிட்டுக்கலாமா?"

வெளியே போகக் கிளம்பிய தையல்காரர் நின்றார்.

"நான் கும்பிட்ட கும்பிடுக்கு என் பொண்ணு படுத்துக் கிடக்கிறா. போதும் ஐயா. வீட்டுக்குப் போய்த் தண்ணியை அடுப்புல வைங்க. அது கொதிக்கிற வரைக்கும் சும்மாதானே உட்கார்ந்திருப்பீங்க? அந்த நேரத்துலயாவது கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."