பரணில் ஏறியவனும் கிணற்றில் இறங்கியவளும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாளி, துடைப்பம், பழைய துணி சகிதம் கூடத்தில் வந்து நின்று, "இன்னிக்குப் பரணைச் சுத்தம் பண்ணப் போறேன்" என்று அறிவித்தேன்.

என் மனைவி நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். என் நெற்றியில்தான்.

"காய்ச்சல் ஒண்ணும் இல்லையே."

"ஏன், ஒரு மனுஷன் தன் வீட்டுப் பரணைச் சுத்தம் பண்ணக் கூடாதா?"

"தாராளமா பண்ணலாம். ஒன்றரை வருஷமா நானும் அதைத்தானே சொல்றேன். அப்பல்லாம் இடுப்பு வலி. இன்னிக்கு இடுப்பு எங்க போச்சு?"

"இடுப்பு இருக்கு. வலிதான் போயிடுச்சு."

அவள் வாளியை ஒரு பார்வை பார்த்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஒன்றும் பேசாமல் ஏணியைக் கொண்டுவந்து சாய்த்து, நான் ஏறும்வரை கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அந்த மௌனத்தை நான் பாசம் என்று நினைத்துக்கொண்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கப்புறமும் எனக்கு அந்த வியாதி போகவில்லை.

உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வாளிக்குள் துணி, துணிக்கடியில் கையகலத்துக்கு ஒரு வீடியோ கேம் பெட்டி.

நான் ஒரு மாதப் பத்திரிகையில் பிழை திருத்துபவன். பத்தொன்பது வருஷமாக அதே நாற்காலி. என் பேனா படாத பக்கம் அந்தப் பத்திரிகையில் கிடையாது. என் பேர் உள்ள பக்கமும் கிடையாது. ஆபீசில் எனக்கு 'ஒற்றெழுத்து' என்று பட்டப்பேர் வேறு. மாசா மாசம் புது இதழை வீட்டுக்குக் கொண்டுவருவேன். என் மனைவி அதைப் புரட்டிவிட்டு, "இதுல எது நீங்க பண்ணினது?" என்பாள். "இதுல இல்லாத தப்பெல்லாம் நான் எடுத்தது" என்பேன். அவள் சிரிப்பாள். நானும் கூடவே சிரித்துவிடுவேன், ஆனால் வயிறு எரியும்.

அவள் தபால் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க ஊரில் உள்ளவர் பேரையெல்லாம் அச்சில் படிக்கிறாள். கட்டினவன் பேரை மட்டும் மின்சார ரசீதில்தான் பார்க்கிறாள்.

இப்படி இருக்கும்போதுதான் வெள்ளிக்கிழமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். எங்கள் பத்திரிகையில் கடைசிப் பக்கம் வீடியோ கேம்களைப் பற்றியது. அதை எழுதுகிறவருக்குக் கட்டைவிரல் வீங்கி, ஒரு மாசத்துக்கு எதையும் அமுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"ஒற்றண்ணே, நீங்க எழுதுறீங்களா? சின்ன விளையாட்டுதான். அந்தக் காலத்துப் பாணியில புதுசா பண்ணியிருக்காங்க. மூணு மணி நேரத்துல முடிஞ்சுடும். திங்கக்கிழமை காலையில கட்டுரை வேணும்."

"என் பேர் போடுவீங்களா?"

"பெருசா போடுறேன். ஆனா ஒண்ணு, முடிச்சுட்டுத்தான் எழுதணும். பாதி ஆடிட்டு எழுதுறதெல்லாம் நம்ம பத்திரிகையில கிடையாது."

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. இதழ் வரும்வரை வீட்டில் மூச்சு விடக்கூடாது என்று தீர்மானித்துவிட்டேன். வழக்கம்போல் அவள் புரட்டிக்கொண்டே வரவேண்டும், கடைசிப் பக்கத்தில் கட்டினவன் பேரைப் பார்த்துத் திகைக்கவேண்டும். ஆனால் ரகசியமாக மூன்று மணி நேரம் விளையாட எங்கள் வீட்டில் ஏது இடம்? குளியலறையில் கால் மணி நேரத்துக்கு மேல் போனால் கதவைத் தட்டி, உயிர் இருக்கிறதா என்று கேட்பாள். மிச்சமிருப்பது பரண் ஒன்றுதான்.

ஆக, பரணில் இரண்டு டிரங்குப் பெட்டிகளுக்கு நடுவில், கூரை தலையில் இடிக்காதபடி கழுத்தைச் சாய்த்து உட்கார்ந்து, கேம் பெட்டியை உயிர்ப்பித்தேன்.

விளையாட்டு அழகாகத்தான் இருந்தது. மொத்தமே நாலு நிறம். தலையில் விளக்கு கட்டிய ஒரு குட்டி உருவம், கடுகளவு, ஒரு பாழுங்கிணற்றுக்குள் இறங்குகிறது. உள்ளே அறை அறையாகப் போகிறது கிணறு. ஒரு பொத்தான் குதிக்க, ஒன்று அடிக்க, இன்னொன்று விளக்கை ஏற்றி இறக்க. பின்னணியில் பல் கூசுகிற மாதிரி ஒரு டிக்கு டிக்கு சங்கீதம், இரண்டு நிமிஷத்தில் பழகி, ஐந்தாவது நிமிஷத்தில் நாமே முணுமுணுக்க ஆரம்பித்துவிடுகிறோம். எங்கே போகவேண்டும் என்று எவரும் சொல்வதில்லை. போன அறைகள் மட்டும் வரைபடத்தில் கட்டம் கட்டமாக நிரம்பும்.

முதல் பதினைந்து நிமிஷத்தில் நான் பதினொரு தடவை செத்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் பரண் கோணல் என்று எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். இன்னும் ஆறு தடவை செத்தேன்.

"என்னங்க, சத்தத்தையே காணோம்?" கீழேயிருந்து குரல்.

பக்கத்திலிருந்த டிரங்குப் பெட்டியைக் காலால் உதைத்துக் கறகறவென்று நகர்த்தினேன்.

"இதோ, பெட்டியெல்லாம் நகர்த்திட்டு இருக்கேன்."

"பார்த்து, இடுப்பு."

நல்ல வழி கிடைத்துவிட்டது. அரைமணிக்கொரு தடவை ஒரு உதை. அவளும் கீழே நிம்மதியாக இருப்பாள், நானும் மேலே நிம்மதியாகச் சாவேன்.

பத்தரை மணிக்குக் கிணற்றின் மூன்றாவது தளத்துக்கு வந்தேன். அங்கே ஒரு தவளை, என் ஆளைப்போல் முப்பது மடங்கு பெரிசு, வழியை அடைத்து உட்கார்ந்திருந்தது. அடித்தேன், அது அசையவில்லை. குதித்து அடித்தேன், நாக்கை நீட்டி என்னை விழுங்கியது. பன்னிரண்டு மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. மூன்று மணி நேர விளையாட்டில் நான் நாலு மணி நேரம் ஆடி, கால்வாசி வரைபடத்தில் நின்றிருந்தேன். பசி காதை அடைத்தது. சாப்பிட்டுவிட்டு வந்து தவளையை ஒரு கை பார்க்கலாம் என்று காலைக் கீழே விட்டேன்.

காலுக்கு ஏணி அகப்படவில்லை. இடது காலை விட்டுப் பார்த்தேன், அப்புறம் வலது காலை. குனிந்து பார்த்தேன். ஏணி இருந்த இடத்தில் என் மனைவி நாற்காலி போட்டு உட்கார்ந்து தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏணி எங்கம்மா?"

"பத்திரமா இருக்கு."

"நான் இறங்கணுமே."

"வேலை முடிஞ்சுதா?"

"முக்கால்வாசி முடிஞ்சுது."

"அப்படியா? காலையிலேர்ந்து ஒரே பெட்டி, ஒரே பக்கமா, எட்டு தடவை நகர்ந்திருக்கு. இந்நேரம் அது அடுத்த தெருவுக்குப் போயிருக்கணுமே."

நான் வாயைத் திறக்கவில்லை.

"வாளியில துடைப்பம் வச்சீங்க, சரி. துணி வச்சீங்க, சரி. சார்ஜர் ஒயர் எதுக்குங்க வால் மாதிரி வெளியில தொங்கிச்சு? பரணுக்கு சார்ஜ் போடவா?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயையே திறக்காமல் வாலால் கெட்டேன். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். வீங்கிய கட்டைவிரல், கடைசிப் பக்கம், திங்கட்கிழமை, முடிக்காமல் எழுதக் கூடாது என்ற சட்டம். கடைசியாகப் பேர் விஷயத்தையும் சொன்னேன். பரணில் மண்டிபோட்டு, தலையைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு சொல்வதற்குரிய விஷயமில்லை அது.

அவள் சிரிக்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து நின்றாள்.

"இதை மொதல்லயே சொல்லக் கூடாதா? சரி, எவ்வளவு முடிச்சிருக்கீங்க?"

"கால்வாசி."

"பெட்டியில சார்ஜ்?"

"சிவப்புல இருக்கு."

"வாளியில வச்சு, அங்க கிடக்கிற கயித்துல இறக்குங்க. நான் இதைப் பார்க்கிறேன். நீங்க பரணைப் பாருங்க."

"உனக்கு இதெல்லாம் வராதும்மா. அதுக்கு விரல் பழக்கம் வேணும்."

"உங்க விரல் நாலு மணி நேரமா அங்கதானே பழகிச்சு?"

வாளியை இறக்கினேன். அது சாப்பாட்டுத் தட்டோடு மேலே வந்தது, அதாவது சாப்பாடு வந்தது, ஏணி வரவில்லை.

அன்று மத்தியானம் நான் பட்ட பாட்டை எந்தப் பத்திரிகையும் கட்டுரையாகப் போடாது. ஒரு கையில் துடைப்பம், மூக்கில் துணி. காதில் கீழேயிருந்து அந்த டிக்கு டிக்கு சங்கீதம். கொஞ்ச நேரத்தில் சங்கீதம் மாறியது. நான் கேட்டிராத ஒரு ராகம்.

"தவளையைத் தாண்டிட்டியா?" என்று பரணிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

"அப்பவே."

"எப்படி அடிச்சே?"

"எதுக்கு அடிக்கணும்? நம்ம விளக்கு வெளிச்சம் அது கண்ணுல படுது. கூச்சத்துல நாக்கை நீட்டுது. விளக்கை அணைச்சுட்டு ஓரமா நின்னேன். அதுவா எழுந்து போயிடுச்சு. நாய் படுத்திருக்கிற வீட்டு வாசல்ல நான் சண்டையா போடுறேன்? அப்படிப் போட்டா ஒரு தபாலும் போய்ச் சேராது."

ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கேட்டேன். "வழி தெரியுதா? எல்லாக் கதவும் பூட்டியிருக்குமே."

"பூட்டியிருந்தா என்ன? எந்தெந்தக் கதவுன்னு துண்டுச்சீட்டுல குறிச்சு வச்சுட்டேன். சாவி கிடைச்சதும் போற வழியிலேயே ஒவ்வொண்ணா திறந்துட்டு வர்றேன். ஆளில்லாத வீட்டுக்கு மறுநாள் போறதில்லையா, அதுதான். ஒரே தெருவுல ரெண்டு தடவை நடந்தா கால் என்னத்துக்காகும்?"

எனக்கு எரிச்சல் என்றால் அப்படி ஓர் எரிச்சல். அந்த வேகத்தில் டிரங்குப் பெட்டியை உண்மையாகவே துடைத்தேன். ஒட்டடை அடித்தேன். ஓட்டைச் சட்டிகள், கால் போன முக்காலி, கழற்றின குழாய்கள் எல்லாவற்றையும் கயிற்றில் கட்டி இறக்கினேன். நாலரை மணிக்குப் பரணில் உருண்டு புரளலாம் போலிருந்தது. அவளும் சரியாக அப்போதுதான் பெட்டியை அணைத்துவிட்டு, கட்டிலுக்கடியிலிருந்து ஏணியை இழுத்து வந்து சாய்த்தாள்.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிஞ்சுது. உனக்கு?"

"மூணு மணி நேரம் பத்து நிமிஷம். பத்து நிமிஷம் டீ போட்டேன்."

குளித்துவிட்டு வந்து காகிதத்தை எடுத்தேன். 'ஆழ்ந்த இருளின் அகண்ட மௌனத்தில்' என்று ஆரம்பித்தேன். பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "இது யாருக்குப் புரியும்?" என்றாள். "நீயே சொல்லேன்" என்றேன் கோபத்தில். சொன்னாள். கைக்கு நன்றாகப் படிகிறது, குதிப்பு மட்டும் கொஞ்சம் கனம். வழி சொல்லாத விளையாட்டு, ஆனால் ஏமாற்றாத விளையாட்டு. அவசரக்காரர்களுக்கு ஆகாது. ஒரு மத்தியானத்துக்கு அளவான கிணறு. இப்படியே ஒன்றரைப் பக்கம். நான் செய்ததெல்லாம் ஒற்றுப் போட்டதுதான்.

"கடைசியில கிணத்தடியில என்ன இருக்குன்னு எழுதலையே?" என்றேன்.

"அதை எழுதக் கூடாது. ஆடுறவங்க தாங்களா போய்ப் பார்க்கணும்."

"சரி, யார் பேர்ல குடுக்கிறது?"

"உங்க பேர்லதான். எனக்கெதுக்கு? நீங்கதான் ஆசைப்பட்டீங்க." மனதாரத்தான் சொன்னாள். எனக்கு அவள்மேல் அப்போது வந்த பிரியத்தில் பாத்திரம் முழுவதையும் நானே தேய்த்தேன்.

திங்கட்கிழமை ஆசிரியர் கட்டுரையை நின்றபடியே படித்தார். உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார்.

"அண்ணே, இத்தனை வருஷம் இதை எங்க வச்சிருந்தீங்க? இந்தத் தவளை இடம் பிரமாதம். நானே அங்க ரெண்டு நாள் மாட்டிக்கிட்டேன். சரி, கிணத்தடியில அதைப் பார்த்ததும் உங்களுக்கு என்ன தோணிச்சு? எனக்கு அழுகையே வந்துடுச்சு."

கிணற்றடியில் என்ன இருக்கும்? பகுத்தறிவுள்ள எவனும் சொல்லக்கூடிய பதிலைச் சொன்னேன்.

"தண்ணி கொஞ்சம் கலங்கலா இருந்துச்சு."

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "அண்ணே, அந்தக் கிணத்துல தண்ணியே கிடையாது. அதுதான் கதையே."

போனை எடுத்து மனைவியின் எண்ணை அழுத்துவதைத் தவிர எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. அவள் எடுத்து, "என்னங்க, கேட்டுட்டாரா?" என்றாள். ஆசிரியர் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். இருபது நிமிஷம் இருவரும் கிணற்றடியைப் பற்றிப் பேசினார்கள். நடுவில் பரண் என்ற சொல் இரண்டு தடவை காதில் விழுந்தது. ஆசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார்.

புதன்கிழமை கடைசிப் பக்கத்தின் அச்சுப்படி, பிழை பார்க்க என் மேஜைக்கு வந்தது. மேலே கொட்டை எழுத்தில் என் மனைவியின் பேர். கட்டைவிரல் ஆறினாலும் இனி அந்தப் பக்கம் அவளுக்குத்தான் என்று ஓரத்தில் ஆசிரியரின் குறிப்பு. அடியில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற எழுத்தில் ஒரு வரி: 'விளையாட்டுக் கருவியைப் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்து உதவியவர்: கணவர்.'

மூன்று தடவை படித்தேன். ஒரு பிழைகூட இல்லை.