ஏரிக்குப் போக வழி

உலகத்தில் எந்தப் படத்தையும் படமாகவே பார்க்காத ஒரே மனிதர் எங்கள் தியாகராய நகர் தெருவில் இருக்கிறார். சொர்க்கத்தையே வரைந்து அவர் முன்னால் வைத்தாலும், "கார்ப்பரேஷன் தண்ணி வருமா?" என்றுதான் கேட்பார்.

அவர் வீட்டுத் தரகர். எந்த வீட்டைப் பற்றிப் பேசினாலும் "ஈஸ்ட் ஃபேசிங் சார்" என்று ஆரம்பிப்பதால் அதுவே அவர் பெயராகிவிட்டது. மேற்குப் பார்த்த வீட்டைக்கூட, "பின்னாடி ஈஸ்ட் ஃபேசிங்" என்று சொல்லிக் குடிவைத்தவர். எந்தச் செய்திக்கும் ஆண்டும் ஆதாரமும் கேட்கிற எனக்கே அவருடைய இயற்பெயர் தெரியாது. மாலையானால் எங்கள் அடுக்ககத்து வாட்ச்மேன் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பார்ட்டிக்காகக் காத்திருப்பார். வீடு தேடி வருகிற எல்லாருமே அவருக்குப் பார்ட்டி. அவர் வாயிலிருந்து வரக்கூடிய உச்சபட்சப் பாராட்டு, "பார்ட்டிக்குக் காட்டலாம்."

அந்த இரண்டு வார்த்தைக்காக நான் பட்ட பாடு இது.

போன மழைக்காலத்தில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளச் சுவரில் ஓதம் ஏறிப் பெரிய கறை விழுந்தது. அதை மறைக்க, கடையில் விற்கிற நீர்வீழ்ச்சிப் படம் ஒன்றை மாட்டலாம் என்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர் மேடம். எனக்கு ரத்தம் கொதித்தது. நாங்கள் குடியிருக்கும் இடமே ஒரு காலத்தில் மாம்பலம் ஏரி. ஏரிக்குள் உட்கார்ந்துகொண்டு எந்த ஊர் அருவியையோ மாட்டுவதா?

"நான் ஏரியையே கொண்டுவரேன் மேடம்."

"அடுத்த கூட்டத்துக்குள்ள குடுங்க சார். இல்லேன்னா நீர்வீழ்ச்சிதான்."

எனக்கு நேர்கோடே நேராக வராது. ஆனால் இப்போது எழுதிக் கொடுத்தால் கணினி வரைந்துவிடுகிறதே! படித்த புத்தகங்களையெல்லாம் பிழிந்து ஒரு வர்ணனை எழுதிக் கொடுத்தேன். ஏரிக்குப் பின்னால் ஒரு பனிமலை எழுந்தது. மாம்பலத்தில் பனிமலை! மலையை எடு என்றால் அன்னப்பறவைகள் வந்தன. எல்லாவற்றையும் விரட்டி, கரையும் பனைமரமும் கொக்குமாக ஓர் ஏரியை வரவழைத்து, கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "மனதில் பட்டதைத் தயங்காமல் சொல்லவும்" என்று வேறு எழுதினேன். கைதட்டும் பொம்மைகள் குவிந்தன. ஒருவர், "தங்களுக்கும் இனிய காலை வணக்கம்" என்று பதில் போட்டிருந்தார்.

"இதெல்லாம் விமர்சனமா?" என்று மனைவியிடம் புலம்பினேன்.

"கீழ ஒருத்தர் சும்மாத்தானே உக்காந்திருக்கார். அவர்கிட்ட காட்டுங்களேன்."

மடிக்கணினியோடு இறங்கினேன். ஈஸ்ட் ஃபேசிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"உள்ள போறதுக்கு வழி இன்னா சார்?"

"இது ஏரிங்க. வழி எதுக்கு?"

"இன்னா சார் இப்டி சொல்ற? பார்ட்டி பறந்துக்கினா வருவான்?"

சிரித்துவிட்டு மேலே வந்தேன். சாப்பிடும்போது யோசித்தேன். வழி இல்லைதான். மறுநாள் கரைமேல் ஒற்றையடிப் பாதை போட்டேன்.

"பாதைன்னா எங்கனா போவணும் இல்ல?"

குடிசை வைத்தேன்.

"உள்ள ஆளு கீதா, இல்ல காலியா?"

கூரைமேல் அடுப்புப் புகை விட்டேன்.

"இன்னா சார், வூடு பத்திக்கினு எரியுது?"

புகையைக் குறைத்து, அவர் சொன்னபடி வாசலைக் கிழக்கே திருப்பச் சொன்னேன். கணினி குடிசையை விட்டுவிட்டுச் சூரியனைத் திருப்பியது. பிறகு கிணறு வந்தது, மாட்டுக்கொட்டகை வந்தது. கடைசியில், இருட்டினால் பார்ட்டி பயப்படும் என்று அவர் சொன்னதற்காக, மின்சாரமே வராத காலத்து ஏரிக்கரையில் விளக்குக் கம்பம் நட்டேன். வரலாற்றில் ஓர் ஆண்டைத் தவறாகச் சொன்னார் என்பதற்காக ஒரு நண்பரோடு பேச்சை நிறுத்தியவன் நான்!

அதற்கும் அவர், "பாக்கலாம் சார்" என்றார்.

அன்றைக்குத்தான் மனைவி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, ஏரி எங்க?"

மூலையில் சாப்பாட்டுத் தட்டளவு தண்ணீர் தெரிந்தது. ஏரியைத் தூர்த்து ஊர் கட்டியவர்களை வருஷக்கணக்காகத் திட்டிக்கொண்டிருந்தவன், அதே காரியத்தைச் சில நாட்களில், நாற்காலியை விட்டு எழாமலே முடித்திருந்தேன்.

பாதை போடுவதற்கு முந்தைய அந்த முதல் படத்தையே அச்சடித்துக் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். மேடம் அளந்து பார்த்து, "கறை முழுசா மறையுது" என்று ஒப்புக்கொண்டார். மாட்டும்போது ஸ்டூலைப் பிடித்துக்கொண்டவர் ஈஸ்ட் ஃபேசிங்.

"நீங்க சொன்ன எல்லாத்தையும் எடுத்துட்டேன்" என்றேன்.

"வழியும் இல்லியா?"

"இல்லை."

"செரி சார், உன் இஷ்டம்."

அவ்வளவுதான். சில நாட்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் லிஃப்டுக்கு நடந்தேன்.

ஒரு மாலை காய்கறிப் பையோடு திரும்பியபோது, வீடு பார்க்க வந்த ஓர் இளம் தம்பதியை அவர் என் படத்தின் முன்னால் நிறுத்தி வைத்திருந்தார். நான் தூண் பக்கம் ஒதுங்கினேன்.

"வூடு எங்க போவுது? மொதல்ல இத்த பாரும்மா. இந்த எடம் முன்னாடி இப்டி இருந்துச்சாம். மூணாவது மாடி சார் பண்ணது."

"உள்ள போக வழியே காணோமே?" என்றாள் அந்தப் பெண்.

"ஏரிக்கு இன்னாத்துக்கும்மா வழி?" என்றார் ஈஸ்ட் ஃபேசிங்.

கணவன் முகம் மாறியது. "ஏரியா? அப்ப மழை பெஞ்சா இங்க தண்ணி நிக்குமே?" வீட்டைப் பார்க்காமலே இருவரும் போய்விட்டார்கள்.

வாட்ச்மேன் தலையில் அடித்துக்கொண்டார். "இதே மாரி எத்தினி பார்ட்டி போச்சு சார்! படத்த காட்டாதன்னா கேக்கறாரா?"

நான் தூணை விட்டு வெளியே வந்தேன். "உங்க தொழிலைக் கெடுத்துக்கிட்டு இதை ஏங்க காட்டறீங்க?"

"இன்னா சார் நீ? பார்ட்டிக்குக் காட்டற மாரி பண்ணிட்டு, காட்டாதன்னா எப்டி?"

வாட்ச்மேனிடம் இன்னொரு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டு வாங்கி அவர் பக்கத்தில் போட்டேன். மடியில் வெண்டைக்காய்ப் பையோடு, அடுத்த பார்ட்டி வருகிறதா என்று நானும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.