இருபத்தொரு நாள் சரக்கு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது வெறும் தொடக்கம்தான். நெருப்பு செய்த பிழையை, அதாவது சாப்பாட்டைச் சூடாக்கி உடனே தின்ன வைத்த பிழையைத் திருத்த ஒருவர் பிறக்க வேண்டியிருந்தது. அவர் என் அக்காவின் கணவர். மருந்துக் கிடங்கு ஒன்றின் மேற்பார்வையாளர்.

வேலையை விட்ட நான் அக்கா வீட்டு சோபாவில் 'தற்காலிகமாக' இரண்டாம் ஆண்டைத் தொடங்கியபோது அத்தான் ப்ரீசர் வாங்கினார். ஆள் படுக்கலாம், அவ்வளவு நீளம். மறுநாளே சமையலறைக் கதவில் சுற்றறிக்கை. கிடங்கின் சட்டம் இனி வீட்டுக்கும் பொருந்தும்: முதலில் உள்ளே போனது முதலில் வெளியே வரும். அக்கா சமைத்ததை டப்பாவில் அடைத்து, தேதிச் சீட்டு ஒட்டி, அடியில் வைக்க வேண்டும். மேலே இருப்பதை எடுத்துச் சாப்பிட வேண்டும். கையிருப்பு எப்போதும் இருபத்தொரு நாளுக்கு.

இதன் மேன்மையைக் கவனியுங்கள். அக்கா தினமும் கோழியோ கீரையோ பருப்போ புதிதாகச் சமைத்தாள். நாங்கள் மூவரும் மூன்று வாரத்துக்கு முந்தியதைச் சாப்பிட்டோம். சமைத்ததை அன்றே தின்னும் ஒழுங்கீனம் எட்டு மாதமாக அந்த வீட்டில் நடக்கவில்லை.

அத்தான் வீட்டில் நடத்தும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அக்கா ஒரு கோரிக்கை வைத்தாள்.

"ஏங்க, ஒரே ஒரு நாள், இன்னைக்குச் செஞ்சதை இன்னைக்கே சாப்பிடலாமா? நல்லா இருக்குன்னு யாராவது சொல்லிக் கேட்டு எத்தனை நாளாச்சு."

அத்தான் பேனாவை மூடினார். "அப்ப மூணு வாரமா உள்ள காத்துக்கிட்டிருக்கற கோழிக்கு என்ன பதில் சொல்றது?"

என் கருத்தும் கேட்கப்பட்டது. அத்தான் பக்கம் தலையசைத்தேன். சோபா அவருடையது. கோரிக்கை 'பரிசீலனையில்' வைக்கப்பட்டது.

மறுநாள் காலை அக்கா பெட்டியோடு வாசலில் நின்று, "நான் கிளம்பறேன்" என்றாள்.

"இன்னைக்கு டப்பா உள்ள போயிடுச்சா?" என்றார் அத்தான்.

"போயிடுச்சு."

"அப்ப சரி."

நான் புரண்டு படுத்தேன். அந்த வீட்டில் எல்லாம் சீக்கிரம் உறையும். எங்களுக்கு உறைக்கத்தான் நாளாகும்.

அதன் பிறகுதான் ப்ரீசர் தன் முழுப் பெருமையையும் காட்டியது. ஒரு வேளை தவறவில்லை. கோழி வந்தது, கீரை வந்தது, அக்காவின் கைப்பக்குவம் அப்படியே வந்தது. அத்தானின் கை மட்டும் நாளுக்கு நாள் ஆழமாகப் போக வேண்டியிருந்தது. நல்ல உடற்பயிற்சி என்றார்.

இருபத்தோராம் நாள் அவர் இடுப்புவரை உள்ளே குனிந்தார்.

"மச்சான், ஒரே ஒரு டப்பாதான் கிடக்கு. உங்க அக்கா என்னதான் பண்றா?"

வீடு முழுக்கக் கூப்பிட்டுப் பார்த்தோம். பிறகுதான் போன் செய்தோம். அந்தப் பக்கம் தட்டுகள் மோதும் சத்தம். யாரோ இன்னொரு கரண்டி கேட்டார்கள். ஒரு விடுதியில் சமையல் வேலை என்றாள் அக்கா.

"வந்து மூணு வாரமாச்சு. இங்க அடுப்புலேர்ந்து நேரா தட்டுக்குப் போகுது."

அத்தானின் கண் கலங்கியது.

"மூணு வாரமா? நம்பவே முடியலை," என்றார். "ருசி கொஞ்சம்கூட மாறலையே."

போன் துண்டிக்கப்பட்டது. கடைசி டப்பாவைச் சூடாக்கி இருவரும் சாப்பிட்டோம். ப்ரீசரின் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. தினமும் மூன்று பேருக்கு அளந்து வைத்த சாப்பாட்டைத்தான் அது தவறாமல் கொடுத்தது. ஒரு நாளும் மிச்சம் விழவில்லை.